அடிவண்டல்

— உள்ள வாங்க தம்பி. வாசல்லயே நின்னா எப்படி? நான் என்ன விரட்டவா போறேன்?

— இல்லைங்க அண்ணி, செருப்பெல்லாம் ஈரம். தரையை இப்பதான் கழுவியிருக்கீங்க போல.

— பீர் காய்ச்சுற இடத்துல தரை என்னைக்குக் காஞ்சிருக்கு? உங்க அண்ணன் போய் இருபது நாளாச்சு. அடுப்பைப் பத்தவைக்கல, ஆனா தினமும் கழுவுறேன். கை சும்மா இருக்க மாட்டேங்குது.

— மன்னிச்சுக்குங்க அண்ணி. அன்னைக்கு அடக்கத்துக்கு வந்தும் கடைசி வரிசையிலதான் நின்னேன்.

— பார்த்தேன். சொந்தத் தம்பி, யாரோ மாதிரி. சரி விடுங்க. பையில என்ன?

— எங்க கம்பெனியோட அந்தப் புது பீருங்க. தப்பா எடுத்துக்காதீங்க.

— ‘சின்னப் பட்டறைக் கைப்பக்குவம்’னு லேபிள் ஒட்டினதுதானே? ஊரெல்லாம் லாரி ஓட்டுற கம்பெனிக்குச் சின்னப் பட்டறையாம்! யானை எலி வளையில பேர்ப்பலகை மாட்டின மாதிரி. கடைக்காரங்க ஒவ்வொருத்தரா நம்ம பாட்டிலை அலமாரியிலேருந்து எடுத்துட்டாங்க. ருசி ரெண்டும் ஒண்ணுதாங்க, கம்பெனி பீர் எப்பவும் கிடைக்குதுன்னாங்க. உங்க அண்ணனும் வாங்கி ஒரு வாய் குடிச்சுப் பார்த்தார்.

— என்ன சொன்னாருங்க?

— ‘இதுல நம்ம சின்னவ இருக்கா’ன்னார். மீதியைக் குடிச்சு முடிச்சு, பாட்டிலைக் கழுவிக் கவுத்து வெச்சார்.

— ஈஸ்ட் ஜாடியைக் கடைசிவரைக்கும் சின்னவன்னுதான் கூப்பிட்டாரா?

— பிள்ளையில்லாத வீட்டுல அதுதானே கடைக்குட்டி. ஒவ்வொரு தடவை காய்ச்சும்போதும் அடியில தங்குற ஈஸ்ட்ல ஒரு கரண்டி எடுத்துவெச்சு, எட்டு நாளைக்கொரு தரம் பார்லிச் சாறு ஊட்டி, பதினெட்டு வருஷம் வளர்த்தார்.

— அண்ணி, ஒண்ணு சொல்லணும். இங்க வேலையை விட்டுப் போன அன்னைக்கு, அந்த ஜாடியிலேருந்து அரைக் கரண்டி எடுத்துட்டுப் போனேன். மாத்திரை டப்பாவுல. அதைக் கொடுத்துத்தான் அங்க மேனேஜர் ஆனேன்.

— நெஜமாவா?

— திட்டிடுங்க அண்ணி. அதுக்குத்தான் வந்தேன்.

— திட்டறதா? நீ எடுத்திருக்கணுமேன்னு இருபது நாளா வேண்டிக்கிட்டு இருக்கேன்டா.

— புரியலைங்க அண்ணி.

— ஃப்ரிட்ஜைத் திறந்து பாரு. ஆஸ்பத்திரியில ஒரு மாசம் அவர்கூடவே கிடந்தேன். இங்க கரண்ட் போனதுகூடத் தெரியாது. ‘சின்னவளுக்கு ஊட்டினியா’ன்னு தினமும் கேட்டார். ஊட்டினேன்னு தினமும் பொய் சொன்னேன். வந்து பார்த்தா கறுத்து, நாறிப்போய்க் கிடந்தா.

— ஐயோ, அண்ணி...

— அழாத. உங்ககிட்ட உயிரோட இருக்காளே, அது போதும். அந்தப் பாட்டிலைக் கொடு. அடிவண்டல்ல ஒரு சொட்டு கிடைச்சாலும் நான் வளர்த்துடுவேன். என்னடா இது? தண்ணி மாதிரி தெளிஞ்சிருக்கு?

— போன மாசத்துலேருந்து வடிகட்டுறோங்க. வண்டல் இருந்தா வாங்குறவங்களுக்குப் பிடிக்கலையாம்.

— சரி, ஆலைத் தொட்டியில இருக்குமே? அதுல ஒரு கரண்டி கொண்டு வா. எடுத்துட்டுப் போகத் தெரிஞ்சவனுக்குத் திருப்பிக் கொண்டுவரத் தெரியாதா?

— அது மெதுவா வேலை செய்யுதுன்னு வேற ஈஸ்ட்டுக்கு மாறிட்டாங்க, அண்ணி. பழசைக் கொதிதண்ணி ஊத்திச் சாக்கடையில விடச் சொல்லித் தாள் வந்துச்சு. அண்ணனை அடக்கம் பண்ணின அன்னைக்குக் காலையில அதுல கையெழுத்துப் போட்டு, முழுசா கொட்டி முடிச்சுட்டு வர்றதுக்குள்ள, இங்க முன்வரிசையெல்லாம் நிறைஞ்சுடுச்சு.