பின்பக்கம் ஒரு விரல் தூக்கலாக

நிம்மதியின் விலை ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய், சார். பொருத்துக்கூலி தனி. நான்கு சக்கரத்துக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நீங்கள் கேட்டால் பதினைந்தாயிரம் குறைப்பேன். குறைத்த பிறகும் எனக்கு நட்டமில்லை என்பதை உங்கள் முகத்துக்கு நேராகவே ஒப்புக்கொள்வேன். தொழிலில் பொய் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

காரோடு கம்பெனி கொடுக்கிற சஸ்பென்ஷனைக் கழற்றிவிட்டு, உயரத்தையும் விறைப்பையும் நம் இஷ்டத்துக்குத் திருகி வைத்துக்கொள்ளும் செட்டைப் போட்டுக் கொடுப்பது என் வியாபாரம். ஓசூரில் கடை. எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் பட்டறை. தீர்த்தகிரி என்றால் இரண்டு மாநிலத்திலும் தெரியும். பெரிய கார் வைத்திருப்பவர்களுக்கு முதுகுதான் கடவுள். அதைக் குலுங்காமல் வைப்பவனுக்குக் காணிக்கை போட அவர்கள் யோசிப்பதில்லை.

அப்பா கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருந்தார். டெம்போ உள்ளே நுழையும்போதே பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டை எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று பார்த்து எடை சொல்லிவிடுவார். தராசு அவரைச் சரிபார்க்கத்தான் இருந்தது. அந்தக் கண் எனக்கும் வந்தது. பெருமையாகச் சொல்லவில்லை, எங்கள் மாவட்டத்தில் மாங்காய்க் காலத்தில் வளர்ந்த யாருக்கும் கொஞ்சம் உண்டு. அதை நான் மறந்திருக்கக் கூடாது.

அந்தக் கண்ணை வைத்துத்தான் இன்னொரு வகை வாடிக்கையாளரைப் பிடித்தேன். டிக்கியில் இருநூறு கிலோ ஏற்றினாலும் கார் காலியாக நிற்பதுபோல நிற்க வேண்டும் என்று கேட்பவர்கள். பெங்களூர்ப் பக்கமிருந்து வருவார்கள். பின்பக்கம் தொங்கினால் எல்லையில் நிறுத்துவார்கள். மட்டமாக நின்றால் சலாம் வைத்து அனுப்புவார்கள். உள்ளே குட்கா மூட்டை என்பது எனக்குத் தெரியும். ஆனால் நான் பாரத்தைப் பார்ப்பதில்லை. மட்டத்தைத்தான் பார்க்கிறேன்.

மட்டம் வைத்தவன் விமல்ராஜ். பதினொரு வருடமாக என்னிடம் மெக்கானிக். சூளகிரிப் பக்கத்துக்காரன். முதலில் மாம்பழத் தோட்டத்தில் கூலிக்கு நின்றவன், பிறகு ஒரு ஃபேக்டரியில் கான்ட்ராக்ட், பிறகு நான். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் இரண்டு விரலை விட்டுப் பார்ப்பான், ஸ்பானரை அரைச்சுற்று திருப்புவான், எழுந்துவிடுவான். அளவு நாடா வைத்துப் பார்த்தால் நூல் பிசகாது. அவனைப்போல ஒரு கை இனி எனக்குக் கிடைக்காது என்பதை நான் அப்போதே யோசித்தேன். யோசிக்காமல் செய்த காரியம் இல்லை இது.

ஏப்ரல் கடைசியில் ஒருநாள் டீ வாங்கிக்கொண்டு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றான்.

“ண்ணா, எம் பையன் ஸ்கூல் பையில ரெண்டு பாக்கெட் கெடந்துச்சுங்க. ஆறாவதுதான் படிக்கிறான்.”

“என்னா பாக்கெட்?”

“நாம தூக்கி வுடற வண்டியில வர்ற அதே பாக்கெட்டுதான்.”

“கண்டிச்சு வெய்யி. இந்த வயசுல எல்லாப் பசங்களும் பண்றதுதான்.”

“அவன என்னாத்தச் சொல்லிக் கண்டிக்கிறது? ஏத்தி வுட்டதே நாந்தானே.” டீயை என் பக்கம் தள்ளினான். “டேசன்ல போயி சொல்லிடலாம்னு இருக்கறங்க. உங்க பேரச் சொல்லாம சொல்ல முடியாது. அதான் மொதல்ல உங்ககிட்ட சொல்லிட்டேன்.”

முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்கிற ஆள் எந்தத் தொழிலிலும் அரிது. அதற்காக அவனை நான் மதித்தேன். மதித்ததால்தான் பேச உட்கார்ந்தேன். பட்டறையில் பாதி பங்கு என்றேன். சிரித்தான். பையனை ஊட்டிப் பக்கம் நல்ல பள்ளியில் சேர்த்து முழுப் படிப்பும் என் பொறுப்பு என்றேன். “வேணாங்ணா” என்றான். சரி, நீயே ஒரு விலை சொல் என்றேன். அவன் சொல்லவில்லை. அதிகமாகக் கேட்டிருந்தால்கூட எனக்குக் கோபம் வந்திருக்காது, சார். ஐம்பது லட்சம் கேட்டால் பத்தில் முடிப்பது எங்கள் குடும்பத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். விலையே சொல்லாத ஆளோடு எப்படிப் பேசுவது என்று எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

“எப்போ போற?” என்றேன்.

“பிரவீனா பாப்பா கல்யாணம் முடியட்டும். மே மாசம் மூணாவது திங்கக்கெழம போறேன். பாப்பா கல்யாணத்துல உங்களத் தேடி யாரும் வரக் கூடாதில்ல.”

என் மகள் கல்யாணத்துக்காக அவன் தள்ளிப்போட்டது நல்ல மனசு. எனக்கு மூன்று வாரம் கிடைத்தது.

அந்த மூன்று வாரத்தில்தான் அந்த ஜெர்மன் செடானை வாங்கினேன். பெங்களூரில் ஒரு டாக்டர் விற்றது. சொன்ன விலையில் பாதிக்கு ஆரம்பித்து மூன்று மணி நேரம் பேசினேன். அவர் மனைவி இரண்டு முறை காப்பி கொடுத்தார்கள். உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் கேட்காது. உள்சத்தம் வெளியே போகாது. டிக்கிக்கும் பின்சீட்டுக்கும் நடுவில் முழு இரும்புத் தகடு. இதையெல்லாம் அவரிடம் குறையாகச் சொல்லித்தான் விலையைக் குறைத்தேன்.

எந்த சஸ்பென்ஷன் போடுவது என்பதில் மட்டும் எனக்கும் விமல்ராஜுக்கும் ஒத்துவரவில்லை. சீர்ப் பாத்திரம், வெள்ளி, பட்டு எல்லாம் டிக்கியில் போகும், மாப்பிள்ளை வீட்டு வாசலில் வண்டி குந்திக்கொண்டு நிற்கக் கூடாது என்று அவனிடம் சொல்லியிருந்தேன்.

“அப்ப ஏர் சஸ்பென்ஷன் போடுங்ணா,” என்றான். “காத்துப் பை. பாரம் ஏறினா சுவிட்ச அமுக்கித் தூக்கிக்கலாம், எறக்கினா எறக்கிக்கலாம். ஸ்பிரிங் செட்டுன்னா ஒருக்கா வெச்சது வெச்சதுதான்.”

“ஏர் என்ன விலை?”

“உங்களுக்குத் தெரியாததா. மூணே முக்கால் லட்சம்.”

“ஸ்பிரிங் நம்ம அடக்க விலை எண்பத்தஞ்சு. ஒருநாள் கூத்துக்கு மூணே முக்காலா?”

“போன மாசம் அந்த குவாரிக்காரருகிட்ட ஏர்தான் போடணும்னு தொண்ட கிழியச் சொன்னீங்க.”

“அது அவன் காசுடா.”

சிரித்தான். பட்டறையில் என்னைக் கிண்டல் செய்யும் உரிமை அவனுக்கு மட்டும்தான் இருந்தது. ஆனால் அவன் சொன்னதுதான் சரி. அவன் பேச்சைக் கேட்டிருந்தால் இந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்க மாட்டேன். சொந்த வண்டிக்கு மலிவானதைப் போடுவது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற தவறு.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. ஆட்டோ வைத்துச் சீரை அனுப்பிவிட்டேன். கார் இன்னும் தயாராகவில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டேன். மறுவீட்டுக்குத் தேவைப்படும் என்று விமல்ராஜிடம் சொன்னேன். சனிக்கிழமை வரச் சொன்னேன். திங்கட்கிழமைக்கு முந்தைய சனி.

எடைக்கு அரிசி மூட்டை கொண்டுவரட்டுமா என்றான். மூட்டை எதற்கு, நீயே ஏறு, எழுபத்து மூன்று கிலோ இருப்பாய் என்றேன். “நாலு,” என்றான். டிக்கியில் குந்திக்கொண்டான். நான் விரலை விட்டுப் பார்த்துச் சொன்னேன், அவன் இறங்கித் திருகினான், மறுபடி ஏறினான். இப்படி ஐந்தாறு தடவை. மட்டத்துக்கு வந்த பிறகும், ஒரு விரல் தூக்கலாகவே வை என்றேன். தூக்கலாக நிற்கும் வண்டியைக் காலி வண்டி என்றுதான் நினைப்பார்கள்.

“டிக்கிக்குள்ள ஒரு லிவர் இருக்குமே, உள்ளருந்து தொறக்கறது. காணமே,” என்றான்.

“உடைஞ்சிருந்தது. ஆர்டர் போட்டிருக்கேன்.”

புது செட் போட்டால் எங்காவது ஒரு சத்தம் வரும். அது எங்கே என்று பிடிக்க மெக்கானிக் டிக்கியில் படுத்துக்கொள்வான்; இன்னொருவர் ஓட்டுவார். எல்லாப் பட்டறையிலும் உள்ள வழக்கம்தான். தகட்டில் ஒரு தட்டு தட்டினால் இடப்பக்கம். இரண்டு தட்டினால் வலப்பக்கம். மூன்று தட்டினால் நிறுத்து. விமல்ராஜ் பாக்கெட்டில் இருந்த சாவி, சில்லறை, ஃபோன் எல்லாவற்றையும் எடுத்து என் கையில் கொடுத்தான். அவையே சத்தம் போட்டுக் குழப்பிவிடும் என்பதால் எப்போதும் அப்படித்தான் கொடுப்பான்.

“மெதுவா ஓட்டுங்ணா, உங்க ஓட்டம் எனக்குத் தெரியும்,” என்று சொல்லிவிட்டுப் படுத்தான்.

நான் மூடினேன். நான் செய்தது அவ்வளவுதான். அவன்மேல் நான் கை வைக்கவில்லை.

பட்டறை வாசல் தாண்டும்போதே ஒரு தட்டு வந்தது. இடப்பக்கம். கவனித்துக் கேட்டேன், உண்மைதான், இடது பின்சக்கரத்தில் ஒரு போல்ட் தளர்வு. அந்த நேரத்திலும் வேலையைச் சரியாகச் செய்தான். எல்லையில் வண்டியைப் பார்த்தார்கள், பின்பக்கத்தைப் பார்த்தார்கள், கையை ஆட்டினார்கள். ஓசூர் மேம்பாலத்தில் மூன்று தட்டு வந்தது. மூன்றுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். சற்று நேரம் கழித்து மறுபடி மூன்று. அதன்பிறகு எண்ணிக்கை இல்லாமல் வந்தது. ஏசியைக் கூட்டி வைத்தேன்.

கிருஷ்ணகிரியில் சாப்பிட்டேன். ஹோட்டலில் மரத்தடி நிழலில் இடம் இருந்தது. நான் வெயிலில் நிறுத்தினேன். மே மாதத்து இரண்டு மணி வெயில் உங்களுக்கே தெரியும். முழுச்சாப்பாடு, பாயசம், ஒரு பீடா. ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. அவசரப்பட்டிருந்தால் அவனுக்குத்தான் கஷ்டம் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பர்கூர் தாண்டி, கல் வெட்டி முடித்து வருடக்கணக்காகத் தண்ணீர் நிற்கும் ஒரு குவாரிக் குட்டை இருக்கிறது. வண்டி விளிம்புவரை போகும். அங்கிருந்து சரிவுதான். எனக்கு உதவி தேவைப்படவில்லை. நேற்று உங்கள் ஆட்களுக்கு இடம் காட்டியபோது நீங்களும் பார்த்தீர்கள்.

திரும்பி வரும்போதுதான் அந்த எண்பத்தைந்தாயிரம் ரூபாய்ச் சரக்கு என்னைக் காட்டிக்கொடுத்தது. எழுபத்து நான்கு கிலோவுக்குமேல் ஒரு விரல் தூக்கி வைத்தது, அந்த எழுபத்து நான்கும் இல்லாமல் எப்படி நிற்கும்? சண்டைக்கு நிற்கும் சேவல் மாதிரி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. சுவிட்ச் இருந்திருந்தால் அமுக்கியிருப்பேன். சூளகிரிக்கு முன்னால் வாகனச் சோதனை. உங்கள் ஏட்டம்மா இருளாயி வண்டிக்கு முன்னால் வரவே இல்லை. நேராகப் பின்னால் போனார். குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

“சொந்த ஊரு எதும்மா?” என்றேன், பேச்சுக்கு.

“வேப்பனப்பள்ளி. எங்கப்பா மாங்கா டெம்போ ஓட்டினாரு.” நிமிர்ந்தார். “பாரத்துக்குன்னு ஏத்தி வெச்ச வண்டி இது. பாரத்த எங்கீங்க எறக்கினீங்க?”

அப்பாவின் மண்டியில் இருந்திருக்க வேண்டிய பெண். டிக்கியைத் திறக்கச் சொன்னார். மூடியின் உள்துணி முழுக்கக் கிழிந்திருந்தது. நான் அதைக் கவனித்திருக்கவில்லை. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே முன்பக்கம் டாஷ்போர்டில் இருந்த விமல்ராஜின் ஃபோன் அடித்தது. பட்டறை இரைச்சலில் கேட்க வேண்டும் என்று எப்போதும் முழுச் சத்தத்தில் வைத்திருப்பான். ஏட்டம்மா போய் எடுத்தார். அவன் மனைவி முனிலட்சுமி. மட்டன் எடுத்து வைத்திருக்கிறது, எங்கேய்யா தொலைந்தாய் என்று கேட்டது எனக்கும் கேட்டது.

ஃபோனை ஏன் அணைக்கவில்லை என்று கேட்டீர்கள். அவன் மனைவி அழைப்பை ஒருநாளும் அவன் வெட்டியதில்லை. வெட்டினால் அவளுக்குச் சந்தேகம் வரும். அடிக்க விட்டுவிட்டேன், எனக்கு அது ஒன்றும் செய்யவில்லை. மனதில் எந்தப் பாரமும் இல்லாமல்தான் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் அழைப்புப் பட்டியல் எடுத்துப் பாருங்கள், மொத்தம் பதினொன்று. கிருஷ்ணகிரி வருவதற்குள் நான்கு. அந்த நான்குக்கும் பின்னாலிருந்து அவன் தட்டினான்; மணி நிற்கும்வரை தட்டினான். பர்கூர்ச் சாலையில் மூன்று. அவற்றுக்குத் தட்டல் வரவில்லை. கடைசி ஒன்று ஏட்டம்மா எடுத்தது. ஆயிற்றா, எட்டு. மீதி மூன்று நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் வந்தவை. திரும்பி வந்தபோது திரையில் பார்த்தேன். அந்த மூன்றுக்கும் அவன் தட்டினானா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. இரண்டு நாளாக வரவு, பற்று என்று எந்தப் பக்கம் எழுதிப் பார்த்தாலும் அந்த மூன்று மட்டும் நிற்கிறது, சார்.