நான்கு வரியும் ஒரு வழுக்கலும்

மின்விசிறிக்கு நேர் கீழே, காற்றுக்கும் எனக்கும் நடுவே கம்பீரமாக வீற்றிருக்கும் விழாத் தலைவர், எங்கள் கல்லூரி முதல்வர் முனைவர் திருநாவுக்கரசு அவர்களே. வாழ்த்துரை வழங்க வந்து வாழ்க்கை வரலாற்றையே வழங்கிவிட்டு அமர்ந்திருக்கும் சான்றோர்களே. சிதம்பரத்துப் புழுக்கத்திலும் பிள்ளைகளின் படம் பார்க்கப் பட்டுடுத்தி வந்திருக்கும் தாய்மார்களே. கடலூரிலிருந்து வேன் பிடித்து வந்து, வந்த கையோடு முன்வரிசையையும் பிடித்துக்கொண்ட முதுநகர்ப் பெருமக்களே. கீரப்பாளையத்து மகளிர் குழுவினரே. கைப்பேசியைப் பார்த்தபடியே என்னையும் பார்ப்பதாக நடிக்கும் மாணவச் செல்வங்களே. ஒலிபெருக்கி பொன்னுரங்கம் அவர்களே. யாரையேனும் விட்டிருந்தால், விடுபட்டவர் படும் பாட்டை என்னைவிட அறிந்தவர் இம்மண்டபத்தில் இல்லை என்பதால், அவர்களுக்கு ஒரு கும்பிடு கூடுதலாகப் போட்டு, அனைவரையும் வணங்குகிறேன்.

பொன்னுரங்கத்தைப் பெயர் சொல்லி அழைத்ததற்குக் காரணம் உண்டு. அழைப்பிதழைப் பாருங்கள். 'ஒலி, ஒளி: பொன்னுரங்கம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே, அச்சகத்தின் பெயருக்குச் சற்று மேலே, 'பாடல்: இளவரசு' என்று எறும்பு ஊர்ந்தாற்போல் ஒன்று இருக்கிறது. அந்த எறும்பு நான்தான்.

என்ன சொல்கிறார் பொன்னுரங்கம்? "சார், அத நான் அடிக்கல சார்." தெரியும் ஐயா. அடிக்கச் சொன்னவர் யார் என்பதும் தெரியும். மின்விசிறி அவருக்கு நன்றாகவே சுற்றட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குக் காலைப் பேருந்தில் தொங்கிக்கொண்டு படிக்க வரும் பிள்ளைகளைப் பற்றி, எங்கள் காட்சித் தொடர்பியல் மாணவர்கள் ஒரு பாடல் படம் எடுத்திருக்கிறார்கள். இயக்கியவர் முதுநகரைச் சேர்ந்த நௌஷீன். அதோ, மடிக்கணினியோடு மேடைக்குக் கீழே நிற்கிறாரே, அந்தப் பெண். அவருடைய மடிக்கணினியில் இரண்டு படங்கள் இருக்கின்றன. ஒன்றில் நான் எழுதிய நான்கு வரி இருக்கிறது. மற்றொன்றில் அது இல்லை. நான் பேசி முடித்ததும் எதைத் திரையிடுவது? அதை நானே இந்த ஒலிவாங்கியில் சொல்ல வேண்டும். இதுதான் ஏற்பாடு. ஆகவே இது வாழ்த்துரை அல்ல. இது ஒரு தகப்பன் தன் பிள்ளையைப் பற்றித் தானே தீர்ப்பு எழுதும் வழக்கு.

நான்கு வரிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்கிறீர்களா? முப்பது ஆண்டுகளாக எழுதுகிறேன் ஐயா. எந்த இதழ் என் வரியை ஏற்றது? எந்த அரங்கம் என்னை அழைத்தது? எங்கள் கல்லூரி ஆண்டு மலருக்கு ஒரு கவிதை கொடுத்தேன். 'இடமின்மையால் இயலவில்லை' என்று பதில் வந்தது. மலரும் வந்தது. பதினேழாம் பக்கத்தில் பாதி வெற்றிடம். என் கவிதையைவிட வெற்றிடமே மேல் என்று முடிவெடுத்த ஆசிரியர் குழுவில் இருவர் இன்று எனக்குப் பின்னால் அமர்ந்து பாதாம் பால் பருகுகிறார்கள். பருகட்டும்.

இப்படி இருந்தவனிடம்தான் பிள்ளைகள் வந்து பாட்டுக் கேட்டார்கள். பாய்ந்து எழுதினேன், பக்கம் பக்கமாக எழுதினேன். மெட்டுக்குள் அடங்கவில்லை என்று பல்லவியை மாற்றினார்கள். பாடுகிறவனுக்கு மூச்சு முட்டுகிறது என்று முதல் சரணத்தை மாற்றினார்கள். கடைசியில் எஞ்சியவை நான்கே வரி. இதில் கை வைத்தால் என் பெயரையே எடுத்துவிடு என்றேன். நௌஷீன் வாக்குக் கொடுத்தார். அந்த நான்கு வரி இதுதான்:

விடியலின் விளிம்பினில் விரிந்திடும் வெண்மணியே
கடலலைக் கரங்களில் கனிந்திடும் கண்மணியே
நெடுவழி நெஞ்சினில் நெகிழ்ந்திடும் நித்திலமே
படிதனில் பயணமாய்ப் பரந்திடும் பைந்தமிழே

கைதட்டலுக்கு நன்றி. தொடங்கி வைத்த முதல்வர் ஐயாவுக்கு இரட்டிப்பு நன்றி. ஆனால் கைதட்டலை நம்பாதே என்பதைத்தான் இந்தப் பிள்ளைகள் எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

எப்படி என்கிறீர்களா? படத்தை முதலில் கல்லூரியில் போட்டுக் காட்டினார்கள். எல்லோரிடமும் கருத்துக் கேட்டார்கள். எல்லோரும் 'சூப்பர்' என்றார்கள். மறுநாள் நௌஷீன் ஆசிரியர் அறைக்கு வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"சார், எல்லாம் பொய் சார். படம் ஓடுறப்ப பாதிப் பேரு வாட்ஸ்அப் பாத்துக்கினு இருந்தாங்க. முடிஞ்சதும் செமன்னு கை தட்டுறாங்க. எங்க வெட்டுறது, எத வெக்கிறதுன்னே தெரியல."

இது அவர்கள் குற்றமா? நம் வழக்கமே அதுதானே? விருந்துக்குப் போன வீட்டில் குழம்பில் உப்பே இல்லையென்றாலும் 'நல்லாருக்கு' என்போம். இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்றால், வயிறு நிறைந்துவிட்டது என்போம். ஆனால் பக்கத்து இலைக்காரர் அந்தக் குழம்பைப் பழித்தால் என்ன செய்வோம்? நமக்குப் பிடித்திருந்தால் சண்டைக்கே போவோம். பிடிக்காவிட்டால் சத்தமில்லாமல் இலையை மடிப்போம். சமைத்தவரிடம் யாரும் உண்மை சொல்வதில்லை. பழிப்பவரிடம் சொல்லிவிடுகிறார்கள்.

இதை அந்தப் பெண் கண்டுபிடித்தார். கண்டுபிடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், நம்ம காலேஜ்ல எதக் காட்டுனாலும் நல்லால்லன்னு சொல்ற ஒரே ஆளு நீங்கதான். எங்ககூட வரீங்களா? கூட்டத்தோட கூட்டமா ஒக்காந்து, ஒவ்வொரு எடமா திட்டிக்கினே இருங்க. எந்த எடத்துக்கு சனங்க ஒங்கள எதுத்துக்கினு வராங்களோ, அத வெக்கிறோம். எங்க கம்முனு இருக்காங்களோ, அத வெட்டுறோம்."

என் வாழ்நாளில் தகுதியைப் பார்த்து எனக்கு அளிக்கப்பட்ட முதல் பதவி அது.

முதல் திரையிடல் கடலூர் முதுநகரில், நௌஷீன் வீட்டுத் தெருவில், சுவரில் கட்டிய வெள்ளை வேட்டியில். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. படத்தில் ஓரிடம் வரும். துறைமுகத்தில், மீன் கழுவிய ஈரத் தரையில், நம் மாணவன் அசாருதீன் ஆடுகிறான். ஆடும்போது வழுக்கி விழுகிறான். ஒத்திகையில் இல்லாதது. உண்மையிலேயே விழுந்தான். பனிக்கட்டித் தண்ணீரில் உட்கார்ந்து ஒரு கணம் திருதிருவென விழித்துவிட்டு, எழுந்து, தாளம் தப்பாமல் மீண்டும் ஆடுகிறான். அதை வெட்டிவிடுவதாகத்தான் இருந்தார்கள். நான் என் பணியைத் தொடங்கினேன். "என்னங்க இது, ஒருத்தன் வழுக்கி வுழுறதயெல்லாம் படத்துல வெப்பாங்களா?"

பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மையார் திரும்பினார். "ஏன், வெச்சா என்னா?"

"பாக்க அசிங்கமா இருக்கும்மா."

"பெத்தவ நானே சிரிக்கிறேன். ஒனக்கு எங்க நோவுது?"

அவர்தான் சைதுன் பீவி, அசாருதீனின் தாயார். முன்வரிசையில் இப்போதும் என்னை அதே பார்வைதான் பார்க்கிறார். தெருவே அவர் பக்கம் சேர்ந்துகொண்டது. நௌஷீனின் தந்தை அப்துல் மஜீத் பாய் எழுந்து வந்து, "நீங்க யாருங்க? எந்தத் தெரு? புள்ளைங்க ஆசையா எடுத்துருக்கு, ஜாஸ்தி பேசாம பாக்கறதுன்னா பாருங்க" என்று என் நாற்காலியைப் பிடித்தார். நாற்காலி போனது. நான் நின்றபடி பார்த்தேன். விழுந்த காட்சி படத்தில் நிலைத்தது.

சிரியுங்கள் பாய், சிரியுங்கள். அன்று சிரிக்கவில்லையே.

பிறகு என் நான்கு வரி வந்தது. திட்ட வேண்டும். வாயைத் திறந்தேன். இருமல் வந்தது. மறுமுறை போட்டார்கள். மறுபடியும் இருமல். மூன்றாம் முறையும் அதே இருமல்.

"சார், அந்த எடத்துல மட்டும் நீங்க ஒண்ணுமே சொல்லல" என்றார் நௌஷீன்.

"தொண்டைம்மா."

"மூணு தடவ போட்டோம் சார். மூணு தடவயும் தொண்டையா?"

அடுத்தது கீரப்பாளையம். மகளிர் குழுக் கூட்டம் முடிந்த மாலை. வயலுக்கு மேலே ட்ரோனைப் பறக்கவிட்டு எடுத்த காட்சியைத் திட்டினேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெட்டப்பட்டது. அசாருதீன் விழுந்ததைத் திட்டினேன். அங்கும் என்னை வறுத்தெடுத்தார்கள். பிறகு விடியலின் விளிம்பு வந்தது. தூரத்திலிருந்து நௌஷீன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இருமலுக்கு வழியில்லை. மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு சொன்னேன்: "இந்த எடம் நல்லால்லியே."

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். யாராவது எழுவார்கள், சீறுவார்கள், என் சட்டையைப் பிடித்து 'இந்த வரியையா பழித்தாய்' என்று உலுக்குவார்கள் என்று காத்திருந்தேன். ஒரு சொல் இல்லை. ஒரு முணுமுணுப்பு இல்லை. ஒருவர் மட்டும் எழுந்தார். எழுந்து, உலை வைத்ததைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்.

என்னால் தாங்க முடியவில்லை. "இல்லம்மா, யோசிச்சுப் பாத்தா நல்லாத்தான் இருக்கு. ஆழமான வரி" என்றேன்.

குழுத் தலைவி செல்லாயி அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இப்பத்தான் நல்லால்லன்னீங்க?"

"சும்மா சொன்னேன்."

"மொதல்ல சொன்னதுதாங்க சரி. பஸ்ஸப் பத்திப் பாட்டுன்னாங்க. நானும் அந்த எடம் பூராவும் காதக் குடுத்து ஒக்காந்திருந்தேன். மணி வருது, முத்து வருது, பஸ்ஸு மட்டும் வரவேல்ல. எழுதுனவரு பஸ்ஸுல போனதே இல்ல போல."

அம்மா, தலையைக் குனிய வேண்டாம். இரண்டாம் வரிசையில் நீங்கள் இருப்பது தெரிந்துதான் சொல்கிறேன். எழுதியவன் நான்தான் என்று அன்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் 'நல்லாருக்கு' என்றிருப்பீர்கள். நானும் நம்பியிருப்பேன்.

திரும்பும் வழியில் நௌஷீன் மடிக்கணினியைத் திறந்து எதையோ வெட்டி ஒட்டிக்கொண்டே வந்தார். பேருந்து சிதம்பரத்துக்குள் நுழையும்போதுதான் சொன்னார்: "வாக்கு குடுத்துட்டேன் சார், நானா வெட்ட மாட்டேன். ரெண்டு படமா வெச்சிருக்கேன். ஒண்ணுல ஒங்க வரி. இன்னொண்ணுல, அந்த எடத்துல அசாரு வுழுறது கொஞ்சம் நீளமா. மேடையில நீங்களே சொல்லுங்க."

இப்போது மேடையில் நிற்கிறேன். உங்களிடமும் ஒருமுறை முயன்று பார்க்கிறேன். இந்த நான்கு வரி சற்றுமுன் உங்கள் காதில் விழுந்தது. நான் சொல்கிறேன், இது வெற்று அலங்காரம், வெறும் ஓசை. மறுக்கிறவர் யார்? மார்தட்டி எழுகிறவர் யார்? சைதுன் பீவி அம்மையாரே, உங்கள் மகனுக்காகத் தெருவைத் திரட்டினீர்களே, என் பிள்ளைக்காக ஒரு சொல்?

இல்லை.

தமிழ்த் துறை நண்பர்களே? பாதாம் பால் குழுவினரே?

முதல்வர் ஐயா கையை உயர்த்துகிறார். சொல்லுங்கள் ஐயா. என்ன? நேரம் ஆகிறதா?

ஆகட்டும். முப்பது ஆண்டு ஆனது, இன்னும் மூன்று நிமிடம் ஆகட்டும். என் வரிகளை மறுத்தவர்கள் எத்தனையோ பேர். ஒருவராவது காரணம் சொன்னாரா? 'பார்ப்போம்' என்றார்கள், பார்த்தார்களா? 'படிக்கிறேன்' என்றார்கள், படித்தார்களா? 'இடமில்லை' என்றார்கள், இடமா இல்லை? செல்லாயி அம்மாள் கேட்டார். முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டுப் பேருந்து வரவில்லை என்றார். அப்படியென்றால் என்ன பொருள்? என் வரிகளுக்குள் வந்து ஒருவர் நின்றிருக்கிறார். நின்று காத்திருந்திருக்கிறார். இதற்கு மேல் ஒரு கவிஞனுக்கு என்ன வேண்டும்? ஒரு பேருந்து வேண்டும். அதைத்தான் நான் வைக்கவில்லை.

மாணவச் செல்வங்களே, மாலைக்கு மயங்காதீர்கள், மௌனத்துக்கு மிரளாதீர்கள். கைதட்டுகிறவர் உங்களைப் பார்க்கிறார். காரணம் சொல்கிறவர் உங்கள் படத்தைப் பார்க்கிறார். அப்படி ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்க எனக்கு முப்பது ஆண்டும் கீரப்பாளையம் வரை பயணமும் ஆகியிருக்கிறது.

இதனால் நான் எல்லோரையும் மன்னித்துவிட்டேன் என்று மேடையில் சிலர் முகம் மலர்வதைக் காண்கிறேன். மலர வேண்டாம். அது வேறு, இது வேறு.

நௌஷீன், எடும்மா.

"எத சார்?"

நான்கு வரி இல்லாததை.

"நெஜமாவா சார்?"

நிஜமாகத்தான். இன்னொரு முறை கேட்டால் மனம் மாறிவிடுவேன், சீக்கிரம் போடு.

பொன்னுரங்கம் அவர்களே, விளக்கை அணையுங்கள். இவ்வளவு நேரம் பொறுத்திருந்து, ஒரே ஒருமுறை மட்டும் கைதட்டி என்னை ஏமாற்றிய பெருமக்களே, உங்களுக்கு என் நன்றி. இதோ இன்னும் சிறிது நேரத்தில் விழப்போகும் அசாருதீனுக்கும், சிரிக்கப்போகும் உங்களுக்கும் என் வணக்கம்.