நாற்காலிக்கு அஞ்சு நிமிஷம்

…இதுக்குப் பேரு ஒரு வேலையா, நீயே சொல்லு தம்பி. முத நாள் மைக்கக் குடுத்தாங்க, மறுநாளே பிடுங்கிட்டாங்க. அப்புறம் ஸ்கோர் போர்டக் குடுத்தாங்க, அதையும் பிடுங்கிட்டாங்க. கடைசியில ஒரு ஸ்டாப் வாட்ச்சும், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும். நாற்காலியும் எனக்கில்ல, உனக்கு! உக்காரு, உக்காரு, முறைக்காத. மஞ்சள் அட்ட காட்டினது நடுவர், நான் வெறும் காவல். அஞ்சு நிமிஷம் இங்க உக்காரணும். முடிஞ்சதும் நான் தோளத் தட்டுவேன், நீ ஓடலாம். நான் தட்டாம நீ எந்திரிச்சேன்னு வச்சுக்க, சிவப்பு அட்டதான். இந்தா, கைய அமுக்கிக் காட்டுறேன் பாரு… ம், இது புரியுது. மத்தபடி நீ வெளிநாட்டுக்காரன், என் பாஷ உனக்கு ஒரு வார்த்த புரியாது. அதுவும் நல்லதுக்குத்தான். புரிஞ்சவன் எவனும் என் பக்கத்துல அஞ்சு நிமிஷம் உக்காந்தது கிடையாது.

அதோ, கோட்டுப் போட்டுக்கிட்டு மேசையில உக்காந்திருக்காரே, அவருதான் இந்த ஹாக்கிப் போட்டிக்கே பெரியவரு. எனக்கு மச்சான். என் வீட்டுக்காரியோட அண்ணன். மாப்பிள்ள ரிட்டயராகி வீட்டுல சும்மா இருக்காரேன்னு பாவம் பாத்துக் கூப்பிட்டாரு. மைக்குல நான் என்ன தப்பு பண்ணேன்? கோல் அடிச்ச பையன் இடது கையால சாப்பிடுவான், காலையில ஹோட்டல்ல பாத்தேன்னு சொன்னேன். அதச் சொல்லி முடிக்கறதுக்குள்ள இன்னொரு கோல் விழுந்துடுச்சு, அத அறிவிக்க விட்டுப்போச்சு. ஸ்கோர் போர்டுலயும் அதே கததான். பக்கத்துல இருந்தவரோட முழங்கால் வலிக்கு வைத்தியம் சொல்லிட்டு இருந்தேன், நம்பர மாத்தல. தோத்த டீமு கட்டிப்புடிச்சுக் குதிச்சுது. நானும் கை தட்டினேன்.

ஆட்டம் என்னாச்சு? ரெண்டுக்கு ஒண்ணு, நீங்கதான் முன்னால. எட்டு நிமிஷம் பாக்கி இருக்கறப்ப வந்து உக்காந்திருக்க. நீ திரும்பிப் போறப்ப மூணு நிமிஷம் இருக்கும், அதத் தடுத்து ஆடிட்டீங்கன்னா போதும். இது உலகக் கோப்ப இல்லதான். அதுக்குக் கீழ, அதுக்கும் கீழ உள்ள போட்டி. ஆனா இதுல ஜெயிச்சாத்தான் அடுத்த படி ஏற முடியும், இல்லன்னா ரெண்டு வருஷம் இங்கயே கெடக்கணும். எனக்குத் தெரியாதா? நானும் மைக்கு, போர்டு, வாட்ச்சுன்னு படி படியா கீழ வந்தவன்தானே.

ஏய், ஏய், நடுவர் கையக் குறுக்க வச்சுட்டாரு. உங்க கோலியோட கால் பட்டை அவுந்துடுச்சு. ஆட்ட நேரம் நின்னா உன் நேரமும் நிக்கணும், அதான் சட்டம். இந்தா, நானும் நிறுத்திட்டேன். மூணு நிமிஷம் ஆயிருக்கு, ரெண்டு பாக்கி. பாத்தியா, வேலன்னா வேலதான் எனக்கு.

கேலரியப் பாரு. மொத்தம் நாப்பது பேரு, அதுல பாதி எங்க சொந்தம். ஆட்டத்தப் பாக்க வரல, என்னை வேடிக்க பாக்க வந்திருக்காங்க. என் வீட்டுக்காரி காலையில என்ன சொன்னா தெரியுமா? "அஞ்சு நிமிஷம் உங்க வாயும் கையும் ஒழுங்கா இருந்தா, அதப் பாக்கறதுக்குன்னே நான் வர்றேன்"னா. மச்சானும் சொல்லிட்டாரு, இதுலயும் சொதப்பினா நாளைக்கு வர வேணாம்னு. அது மட்டும் நடந்துடக் கூடாது தம்பி. வீட்டுல சும்மா உக்காந்திருக்கறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? சுவத்துக்கிட்ட பேசினா சுவரு கூட விரிசல் விடுது.

நான் யாரு தெரியுமா? பஸ் டெப்போல டைம் கீப்பர். இருபத்தெட்டு வருஷம்! என்னைக் கேட்டுத்தான் பஸ்ஸு கெளம்பணும். டிரைவர்ங்க எனக்கு 'ரேடியோ'ன்னு பேரு வச்சிருந்தாங்க. ஒரு பஸ்ஸாவது நேரத்துக்குக் கெளம்பியிருக்குமா? கெளம்பாது. மேலதிகாரி வந்து கேப்பாரு. சுவத்துக் கடிகாரம் மெதுவா ஓடுது சார்னு சொல்லிடுவேன். என் பேச்ச நம்பி மூணு கடிகாரம் மாத்தினாங்க, மூணு!

என்ன, விரல நீட்டுற? தண்ணியா? இந்தா குடி. வேணாமா? அங்க என்ன காட்டுற, பெரிய கடிகாரமா? அவசரப்படாத, அது ஆட்டத்தோட கணக்கு, உன் கணக்கு என் கையில இருக்கு. பாரு, ரெண்டு நிமிஷம் பாக்கி. அட, அங்க பாரேன், என் வீட்டுக்காரி எந்திரிச்சு நின்னு கை காட்டுறா! அஞ்சு விரலையும் விரிச்சு, விரிச்சு! கல்யாணமான இத்தன வருஷத்துல என்னைப் பாத்து இப்படி ஆசயா கை காட்டினதே இல்ல தம்பி. இரு, நானும் காட்டிக்கறேன்.

…போச்சு. கோல். ரெண்டுக்கு ரெண்டு. அந்த இடது பக்கம் காலியாக் கெடந்துது, ஒருத்தன் நிக்க வேண்டிய இடம். பதினோரு பேரு ஆட வேண்டியத பத்துப் பேரு ஆடினா பின்ன என்னாகும்? கோவப்பட்டு மட்டைய வீசினது நீதானே, அனுபவி. கண்ணுல ஏன் தண்ணி வைக்கற? உன் கணக்குல இன்னும் ரெண்டு நிமிஷம்தான் இருக்கு, அப்புறம் நீ போயி…

ரெண்டு நிமிஷம்.

அப்பவும் ரெண்டுதானே இருந்துது?

சங்கு ஊதிட்டான். ஆட்டம் முடிஞ்சுடுச்சு. இந்த வாட்ச்சு ஓடவே இல்லையே… கோலி பட்டையக் கட்டினப்புறம் நான் மறுபடி அமுக்கவே இல்ல. அவ கை காட்டினது ஆசயில இல்ல, அஞ்சு ஆயிடுச்சுன்னு சொல்லியிருக்கா. நீயும் அதத்தான் காட்டின, நான் தண்ணியக் குடுத்தேன். ஐயோ தம்பி, எந்திரி, ஓடு, ஓடு! இன்னும் ஷூட் அவுட் இருக்கு. கோலி எதிர்ல ஒவ்வொருத்தரா அடிக்கணும், அதுலயாவது நீ போய் நில்லு.

மச்சான் வர்றாரு. வாட்ச்சு மக்கர் பண்ணுதுன்னு சொல்லிடலாம். நம்புவாரு, நல்ல மனுஷன். நாளைக்கும் வேல இருக்கும். ஆனா நீ ஒரு தடவ கூட எந்திரிக்கலயே தம்பி. நான் கைய அமுக்கிக் காட்டினேன்னு, அப்படியே உக்காந்துட்டு இருந்தியே. எனக்கு வெக்கமா இருக்கு.

வாங்க மச்சான். வாட்ச்சு நல்லாத்தான் ஓடுது. டெப்போல மாத்தினாங்களே மூணு கடிகாரம், அதுவும் நல்லாத்தான் ஓடிச்சு.