கயிற்றை அவிழ்த்தவன் நான்

மேடையில் வீற்றிருக்கும் கோல்ஃப் மன்றத் தலைவர் செந்தூர்வேல் அவர்களே, உறுப்பினர்களே, புல் வெட்டிய கையோடு வந்து நிற்கும் மைதானத் தொழிலாளர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சீனித்தாய் அம்மா அவர்களே! மன்றத்தின் செயலாளர் என்ற முறையில் இந்த இரங்கல் கூட்டத்தில் பேச அழைத்திருக்கிறார்கள். இந்த ஒலிபெருக்கியின் முன் நிற்கவே எனக்குக் கூசுகிறது.

மைதான மேற்பார்வையாளர் அமரர் சுடலைக்கண்ணன் அண்ணாச்சி! துறைமுகத்துக்குப் பக்கத்தில், உப்பளத்தை ஒட்டிய இந்தத் தரையில் புல் வளர்த்தவர் யார்? அண்ணாச்சி! இருபத்திரண்டு ஆண்டுகள் அதைக் காத்தவர் யார்? அண்ணாச்சி! தினமும் காலையில் முளைக்குச்சிகளை நாலடி தள்ளி நட்டு, பழைய வலைக்கயிற்றைக் குறுக்கே கட்டுவார். நேற்று வண்டி போன தடத்தில் இன்று போக முடியாது, நேற்று நடந்த இடத்தில் இன்று கால் வைக்க முடியாது. நாம் முணுமுணுத்தால் சிரிப்பார். "புல்லுக்கும் ஒரு ஞாயித்துக்கிழம வேணும்லா சார்" என்பார்.

போன கார்த்திகையில் மூன்று நாள் மழை. மறுநாள் ஆண்டுப் போட்டி. ஏழாவது குழிக்குப் போகும் பாதையில் குறுக்கே கயிறு கட்டிவிட்டு என்னிடம் வந்தார்.

"ரெண்டு நாளைக்கு பேட்டரி வண்டி வேண்டாம் சார். இது உப்பு மண்ணு. ஈரத்துல அழுத்துனா இறுகிரும். தண்ணி கீழ இறங்காது, உப்பு மேல வந்துரும். பொறவு புல்லு எங்கன வரும்?"

"வெளியூர் விருந்தாளிகளை நடக்கச் சொல்லவா அண்ணாச்சி?" என்று எரிந்து விழுந்தேன். அவர் கட்டிய கயிற்றை நானே அவிழ்த்தேன். முதல் வண்டியை ஓட்டியதும் நான்தான். பின்னால் ஏழு வண்டிகள் வந்தன.

ஒரு மாதத்தில் ஏழாவது குழியைச் சுற்றிப் புல் செத்து, தரை வெள்ளை பூத்தது. யார் காரணம் என்று மன்றத்தின் நிர்வாகக் குழு கேட்டது. நான் என்ன எழுதினேன் தெரியுமா? "மேற்பார்வையாளர் அளவுக்கு மீறித் தண்ணீர் விட்டதால்" என்று எழுதினேன்! அந்த ஒரு வரிக்காக அண்ணாச்சியை மைதானத்திலிருந்து எடுத்து வாசல் காவலுக்குப் போட்டார்கள்.

ஐந்து மாதம் வாசலில் நின்றார். ஒருநாள் நான் காரை விட்டு இறங்கியதும் வந்து மறித்தார். உண்மையைச் சொல்லச் சொல்லிக் கேட்கப்போகிறார் என்று பயந்தேன். அவர் கேட்டது வேறு.

"ஏழாவதுல ஒருத்தரையும் மிதிக்க விடாதீங்க சார். மண்ணக் கிளறி, ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணி விட்டு கழுவணும். ஒரு வருசம் சும்மா கெடந்தா பொழச்சுக்கும்."

அதையாவது செய்தேனா? இல்லை! அந்தப் பொய்யை எழுதிவிட்டு எந்த முகத்தோடு செய்வேன்?

போன வாரம் மாரடைப்பில் போய்விட்டார். துக்கம் கேட்க வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி சீனித்தாய் அம்மா அழவில்லை.

"மால எல்லாம் வேண்டாம் சார். அந்தக் காயிதத்த மட்டும் மாத்தி எழுதிருங்க. தண்ணி விடத் தெரியாதவருன்னு தெருவுல சொல்லுதாவ" என்றார்கள்.

தலைவர் அவர்களே, மாற்றி எழுதி, கையெழுத்திட்டு, உங்கள் மேசையில் வைத்திருக்கிறேன். என் பதவி விலகல் கடிதமும் அதனடியில் இருக்கிறது. ஏழாவது குழியை ஓராண்டு மூடுவோம். மழை பெய்தால் தரை காயும்வரை எந்த வண்டியும் இறங்காது, யார் வந்தாலும் நடப்பார்கள். அண்ணாச்சி செய்த வேலையை அண்ணாச்சி செய்தபடியே செய்வோம் என்று தொழிலாளர்கள் முன்னால் உறுதி கூறுகிறேன். தினமும் முளைக்குச்சி மாற்றி நட என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சீனித்தாய் அம்மா, எல்லார் காதிலும் விழச் சொல்லுகிறேன். உங்கள் கணவர் விட்ட தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. அந்தப் புல்லைக் கொன்றவன் நான். இதைக் கேட்க வேண்டியவரை நாளுக்கு இரண்டு முறை கடந்து போனேன். ஒவ்வொரு முறையும் எனக்கு சல்யூட் அடித்தார். நான் கார்க் கண்ணாடியை இறக்கவே இல்லை.