வளையமில்லாத ஆண்கள்

ஐயா, சிட்டுக்குருவிக்கு நொய்யரிசியைவிடக் கம்புதான் பிடிக்கும். ஒரகடம் சாலையில் எங்கள் ஆலைச் சுவரில் இருக்கும் அறுபது கூட்டுப் பெட்டிகளை மூன்று வருடம் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பெட்டிகளை வைத்தவர் ஆராய்ச்சி மாணவி ஜாஸ்மின் மேடம். தாயும் தகப்பனும் கொடுத்த மரபணுக்களை ஒரு குருவி தன் குஞ்சுக்குத் தருமுன் சீட்டுக்கட்டைப் போலக் கலைத்துத் தருகிறதாம். பெண் அதிகம் கலைக்கிறது, ஆண் குறைவாக. அந்த வித்தியாசத்துக்கு எந்த மரபணு காரணம் என்று அவர் தேடினார். அதற்கு மூன்று தலைமுறை ரத்தம் வேண்டும். பறவையைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டி, துளி ரத்தம் எடுத்து, குப்பியில் பெயர் ஒட்டுவது என் வேலை.

முதல் வருட முடிவு வந்தபோது பல குஞ்சுகளுக்குத் தகப்பன் அந்தக் கூட்டு ஆண் இல்லை என்றிருந்தது. குருவிகளுக்குள் அது சகஜம் என்று மேடம் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் நோட்டில் 'தகப்பன்' என்ற கட்டத்தில் எத்தனை அடித்தல்கள்.

அடுத்த பருவத்தில் தகரக் கூரைமேல் எலி பிடிக்கும் பசை அட்டைகளை வைத்து, கம்பு தூவினேன். வளையம் போட்டது ஒட்டினால் எண்ணெய் தடவி விடுவித்தேன். போடாத வெளி ஆண்களை அட்டையிலேயே விட்டேன். வெயிலில் அரை மணி நேரம் தாங்கும். செத்தவை மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு.

கேட் செக்யூரிட்டி டெனிசன் கண்டுபிடித்துவிட்டான். மணிமங்கலத்துப் பையன், வாய் கொஞ்சம் அதிகம்.

"வளையம் போட்டவன்தான் பொழைக்கணுமா அண்ணே? நாளைக்கு உன் ஐடி கார்டு தொலஞ்சா இன்னா பண்ணுவ?" என்றான். திங்கட்கிழமை மேடத்திடம் சொல்லப்போவதாகவும் சொன்னான். சொன்னால் நோட்டு என் கையைவிட்டுப் போகும்.

ஞாயிற்றுக்கிழமை ஆலை மூடியிருந்தது. பகல் பன்னிரண்டுக்கு அவன் அட்டைகளை அகற்ற முப்பதடி உயரக் கூரைமேல் ஏறினான். அவன் போன் கேட் அறையில் சார்ஜில் கிடந்தது. ஏணியை வேலை முடிந்ததும் ஸ்டோரில் வைத்துப் பூட்ட வேண்டும் என்பது விதி. வைத்துப் பூட்டினேன்.

பிறகு கூரைக்குக் கீழே நிழலில் உட்கார்ந்தேன். தாய்க்குருவி எத்தனை முறை இரை கொண்டுவருகிறது என்று அரை மணிக்கு ஒருதரம் எழுதுவோம். அதே முறையில் அவன் தகரத்தைத் தட்டியதை எழுதினேன். முதல் அரை மணி, அறுபத்து நான்கு. அடுத்தது முப்பத்தொன்று. பிறகு ஒன்பது. குறிப்புக் கட்டத்தில் அவன் பேச்சையும் எழுதியிருக்கிறேன்: "தசரதண்ணே, ஏணிய வையிண்ணே. கால் வேவுது." நான்காவது அரை மணி, பூஜ்யம்.

மேடம் அழுதுகொண்டே வந்தார். எந்தக் குஞ்சு யாருடையது என்று ரத்தமே சொல்லிவிடும், வெளி ஆண்கள் எத்தனை இருந்தார்களோ அத்தனையும் தேடலுக்கு நல்லது என்றார். இதை என்னிடம் யாரும் முன்பே சொல்லவில்லை.

நோட்டை இந்த வாக்குமூலத்துடன் இணைத்திருக்கிறேன். இந்த வருடம் அதில் ஓர் அடித்தல்கூட இல்லை. டெனிசன்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது ஐயா. அவன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஏணியை வைத்திருப்பேன்.