பெரிய வெள்ளியன்று விரியாத பாய்

ஓடுகிறோம். திங்கட்கிழமை. 1942 ஏப்ரல் 6. துறைமுகச் சங்கு மூன்றாம் முறை ஊதுகிறது. நீளமான ஊதல். நடுவில் மூச்சு விடுவதில்லை. என் இடுப்பில் எட்டு மாதப் பிள்ளை மிக்கேல். மறு கையில் ஜெபப் புத்தகம். பிள்ளையின் பால் குப்பியைக் குசினி அடுப்பருகே விட்டுவிட்டேன். தெருமுனையில்தான் அது தெரிகிறது. திரும்பலாமா? நிற்கிறேன்.

"ஏளா, நிக்காத! பிளேன் வருதாம், ஓடு!"

"ஏலே, மாட்டை விரட்டு! வழிய விடு!"

பிளேன் வரவில்லை. அன்று எங்கள் தெருவில் ஒரு குண்டும் விழவில்லை. ஆனால் முந்தின நாள், உயிர்த்த ஞாயிறு காலையில், ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டிருந்தன. என் கணவர் சந்தியாகு சரக்குத் தோணியில் கொழும்புக்குப் போயிருந்தார்.

ஓட்டப்பிடாரம் பாதை. வண்டிகள், பெட்டிகள், கோழிக் கூடைகள். பிள்ளை பசியில் கத்துகிறான். நான் ஒன்றை மட்டும் நினைத்துக்கொண்டு நடக்கிறேன். என் கடிதம் அவர் கைக்குப் போயிருக்கக் கூடாது.

குருத்து ஞாயிற்றுக்கு முந்தின வாரம் இன்னொரு தோணிக்காரரிடம் அதைக் கொடுத்தனுப்பினேன். பெரிய வெள்ளியன்று எங்கள் கரைத் தோணிகள் பாய் விரிப்பதில்லை. சேசு மரித்த நாள். யுத்தம் வந்தபின் சிலர் விரிக்கத் தொடங்கியிருந்தார்கள். எனக்குப் பயம். எழுதினேன். அன்று பாய் விரித்தால் பாவம். பாவத்தோடு கடலில் மரித்தால் நரகம். ஆகவே கொழும்பிலேயே இருந்து ஞாயிறு பாஸ்குப் பூசை கண்டு, நற்கருணையாகிய நன்மை வாங்கி, பிறகு வாருங்கள். சொற்களுக்கு அடியில் கோடும் போட்டேன். கன்னியாஸ்திரிகள் பள்ளியில் எட்டாவது படித்தவள் நான். கோடு நேராக இருந்தது.

கடிதம் கிடைத்திருந்தால் அவர் கொழும்பில் இருப்பார். கிடைக்காவிட்டால், வெள்ளியன்றே கிளம்பி நடுக்கடலில் இருப்பார். உயிரோடு. அவர் என் பேச்சைக் கேட்டிருக்கக் கூடாது என்று சர்வேசுரனிடம் வேண்டிக்கொண்டே நடந்தேன். அப்படி வேண்டுவதும் பாவமோ என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே வேண்டினேன்.

நான்கு நாள் கழித்து வீடு திரும்பினோம். குசினியில் பால் குப்பி வைத்த இடத்திலேயே இருந்தது. பால் திரிந்து நாறியது.

பதினோராம் நாள் தண்டல் மாமா வந்தார். என் கணவர் போன தோணியை நடத்துபவர் அவர்தான். வேறொருவர் தோணியில் வந்து இறங்கியிருந்தார். அவர் பின்னால் ஏழு பேர் நிற்க வேண்டும். ஆறு பேர். எண்ணினேன். மறுபடி எண்ணினேன். ஆறுதான்.

ஒன்றே ஒன்று கேட்டேன். "மாமா, எங் கடுதாசி வந்துச்சா?"

"வந்துச்சு." தலை நிமிரவில்லை. "வியாழக்கிழம சரக்கு ஏத்தியாச்சு. வெள்ளிக்கிழம காத்து தோதா நின்னுச்சு. யுத்த காலம், சாமி மன்னிச்சுக்கிடுவாரு, பாய விரிங்கன்னு நான்தான் சொன்னேன். உம் புருசன் பாய்ச்சுருட்டு மேலயே ஏறி உக்காந்துக்கிட்டான்."

பின்னால் நின்ற ஒருவர் சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்தினார்.

"உங் கடுதாசிய எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுனான். 'எம் பொண்டாட்டி நரகத்தக் காட்டி மெரட்டுதா அண்ணாச்சி. நரகமே இல்லேன்னாலும் நான் விரிக்க மாட்டேன். நம்ம வீட்டுல ஒருத்தரு செத்துக் கெடக்கையில எவனாவது யாவாரத்துக்குப் போவானா?'ன்னான். அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

மீதியையும் மாமாதான் சொன்னார். சனிக்கிழமை காற்று விழுந்துவிட்டது. ஞாயிறு விடியுமுன் என் கணவர் முதல் பூசைக்குப் போய் நன்மை வாங்கித் திரும்பினார். "இனி நீங்க ஏழு பேரும் பூசைக்குப் போங்க. தோணிய நான் பாக்கேன்." அவர்கள் போனார்கள். காலை ஏழரை இருக்கும். முதலில் இரைச்சல். பிறகு கோவில் கதவுகள் தாமாக அடித்துக்கொண்டன. ஓடி வந்து பார்த்தால் தோணி நின்ற இடத்தில் எண்ணெயும் பலகைகளும். பாய் மட்டும் கட்டு அவிழாமல் மிதந்ததாம்.

அதே ஏழரை மணிக்கு நான் இங்கே நன்மை வாங்கும் வரிசையில் நின்றேன். நன்மைக்கு முன் தண்ணீர்கூட ஆகாது. பல் விளக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனதோ, உபவாசம் முறிந்ததோ என்று பயந்துகொண்டிருந்தேன். அவரை நினைக்கவில்லை. சர்வேசுரனையும் நினைக்கவில்லை. அந்தச் சொட்டையே நினைத்தேன்.

செய்த பாவத்துக்கு வருந்துவதை மனஸ்தாபம் என்போம். நரகத்துக்குப் பயந்து வரும் மனஸ்தாபம் ஒன்று. சர்வேசுரனை நேசிப்பதால் வரும் மனஸ்தாபம் ஒன்று. இரண்டாவதுதான் உத்தமம். ஞானோபதேச வகுப்பில் இதைப் பிழையின்றி ஒப்பித்து முதல் பரிசு வாங்கியவள் நான். அவர் நான்காவதோடு நிறுத்தியவர்.

தண்டல் மாமா என்னைத் தேற்றுவதற்காக அப்படிச் சொன்னாரோ என்று சில நாள் தோன்றும். உண்மையில் என் கணவர் கடிதத்துக்குப் பயந்துதான் நின்றாரோ? பிறகு அந்தப் பாய்ச்சுருட்டு கண்ணில் வரும். அதன்மேல் ஏறி உட்கார்ந்திருப்பார். அது அவரேதான். அப்படியும் சந்தேகம் போவதில்லை.

பிள்ளைக்கு இப்போது ஐந்து வயது. இந்தப் பெரிய வெள்ளியன்று அடுப்பு ஏன் எரியவில்லை என்று கேட்டான். பாவம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. "நம்ம வீட்டுல ஒருத்தரு செத்துக் கெடக்காருல்லா" என்றேன்.

"அப்பாவா?"



போனவை. தோணி ஒன்று. சந்தியாகு, வயது இருபத்தாறு. அவர் கழுத்துக் கயிற்றில் கிடந்த உத்தரியத் துணி ஒன்று. கரையில் யாரும் எடுக்காமல் விட்ட பாய் ஒன்று. என் கையெழுத்தில் கடிதம் ஒன்று. அதில் நரகம் என்ற சொல் மூன்று இடத்தில் இருந்தது. நேசம் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.