அணைக்காத லேசர்

"பதிமூணு நாள் காரியமெல்லாம் ஆயாச்சு. அவரோட லேசர் மட்டும் இன்னமும் எரிஞ்சுண்டிருக்கா?"

தம்பானூரிலிருந்து கழக்கூட்டம் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இருந்த மாமி கேட்டார். பக்கத்தில் இருந்தவள் இறந்துபோன அவர் கணவரிடம் இயற்பியல் ஆராய்ச்சி செய்துவந்த மாணவி என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"எரியுது மாமி. அணைச்சா மறுபடி நிலைக்க நேரமாகும்னு சார் அணைக்கவே விடமாட்டாரு. கரண்டுக்குப் பதிலா வெளிச்சத்த வச்சு கணக்குப் போடுற ஒரு சிப்புக்கு அதுதான் வெளிச்சம் கொடுக்குது. சிப்புக்குள்ள வெளிச்சம் போறதுக்கு முடி மாதிரி ஒரு கண்ணாடி இழைய அவரே கையால நேராக்கி வச்சிருக்காரு. மேசைய தட்டினாலே போச்சு."

"ஆத்துல ஒரு லைட்டை வெறுமனே எரிய விடமாட்டார். என்னைத் திட்டிண்டே அணைச்சுண்டு வருவார்."

"நாளைக்கு அந்த ரூம வேற ஆளுக்குக் கொடுக்காங்க, கேட்டோ. இன்னிக்கு அணைச்சாகணும். அதுக்கு முன்ன நீங்க ஒருதடவ பாக்கணும்னு தோணிச்சு."

"என்ன கலர்ல இருக்கும்டீ?"

"கண்ணுக்குத் தெரியாது மாமி."

மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "கண்ணுக்கே தெரியாததைக் கட்டிண்டா இத்தனை வருஷம் ராப்பகலா கிடந்தார்? பின்னே நான் எதைப் பார்க்கறது?"

"கம்ப்யூட்டர்ல ஒரு கோடு ஓடிட்டிருக்கும். வெளிச்சம் போகுதுன்னு அதுதான் காட்டும். அணைச்சதும் கோடு கீழ விழுந்துரும்."

கழக்கூட்டம் வந்தது. மாணவி எழுந்து கை நீட்டினாள். மாமி அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஆஸ்பத்திரியில ஒரு கோடு விழுந்ததைப் பார்த்தாச்சு. நீ உள்ளே போய் அணைச்சுடு. நான் வாசல்லயே நிக்கறேன்."